உலாவிகளும் ஆற்றுப்படையும்

பத்துப்பாட்டு நூல்களுள் சரிபாதி ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனிடம் தான் பெற்ற பெருவளத்தைக் கூறி அவனையும் அப்புரவலனிடம் செலுத்துவது அதன் இலக்கணம். இந்நூல்களை ஊன்றிப் பயில்வோர்க்கு ஓர் உண்மை புலப்படும். புரவலனின் கொடைக்கு இணையாக வழியின் இயல்பு அங்கே விரித்துரைக்கப்படுகிறது. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினத்திலும் வேலூரிலும் ஆமூரிலும் கிடைக்கும் உணவையும் உபசரிப்பையும் ஊர் ஊராகச் சொல்லிச் செல்கிறது. மலைபடுகடாம் வழியிடை நேரும் இடர்களையும் அவற்றைத் தவிர்க்கும் வகையையும் உரைக்கிறது. ஒருவனை இருந்த இடத்தினின்றும் பெயர்த்து வேறோர் இடம் சேர்க்க வேண்டுமாயின், சேருமிடத்தின் புகழ் மட்டும் போதாது. வழி அரிதன்று என்ற உறுதியும் வேண்டும். பழந்தமிழ்ப் புலவர் நன்கறிந்திருந்த இந்நுட்பத்தைக் கணிப்பொறி உலகம் அறிந்துகொள்ளப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. உலாவி எனப்படும் மென்பொருள்கள் ஒன்றன் பயனரை மற்றொன்று கவர முயன்ற வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும்.

இணையப் பக்கங்களைக் கணிப்பொறித் திரையில் விரித்துக் காட்டும் மென்பொருளே உலாவி. முதல் உலாவியை 1990ஆம் ஆண்டின் இறுதியில் டிம் பெர்னர்ஸ் லீ ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு மையத்தில் உருவாக்கினார். அது படிக்கும் கருவியாக மட்டுமின்றி எழுதும் கருவியாகவும் இருந்தது என்பது இன்று பலர் மறந்துவிட்ட செய்தி. ஆயின் நெக்ஸ்ட் என்னும் அரியவகைக் கணிப்பொறியில்தான் அது இயங்கியது. எல்லாக் கணிப்பொறிகளிலும் இயங்கத்தக்க எளிய உலாவி ஒன்றை நிக்கோலா பெல்லோ என்ற மாணவி 1991இல் எழுதினார். அது எழுத்துகளை வரிவரியாகக் காட்டியதேயன்றிப் படம் எதனையும் காட்டவில்லை. 1993 ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன் தன் நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. போட்டிக்குரிய களம் அன்றே திறந்தது எனலாம்.

அக்களத்தில் முதலில் புகழ் பெற்றது மொசைக். அமெரிக்க நாட்டின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பைனா ஆகிய இருவரும் 1993இல் இதனை எழுதினர். எழுத்தின் நடுவே, அதே பக்கத்தில், படத்தையும் காட்டியது இதன் சிறப்பு. அதற்கு முன்பும் படம் காட்டும் உலாவிகள் இருந்தன. ஆயினும் பொதுமக்கள் கையிலிருந்த விண்டோஸ், மெக்கின்டாஷ் கணிப்பொறிகளுக்கும் அவ்வாண்டின் இறுதிக்குள் மொசைக் கிடைத்தது. அதனை நிறுவுவதும் எளிதாயிற்று. புதுமையைக் காட்டிலும் எளிமையே அதன் வெற்றிக்குப் பெரிதும் காரணம் என்று கருத இடமுண்டு.

1994இல் ஆண்ட்ரீசன், ஜிம் கிளார்க் என்பாரோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம் பின்னர் நெட்ஸ்கேப் எனப் பெயர் பெற்றது. அதன் உலாவிக்கு நிறுவனத்துக்குள் வழங்கிய செல்லப்பெயர் மோசில்லா. மொசைக்கை வீழ்த்த வந்த பூதம் என்பது அப்பெயரின் உட்பொருள். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான நெட்ஸ்கேப் நேவிகேட்டர் சில மாதங்களிலேயே மொசைக்கைப் பின்னுக்குத் தள்ளியது. அவ்வாறு தள்ளிய தனிச்சிறப்பு யாதென ஆராய்தல் தகும்.

அந்நாளில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியே மோடம் மூலமாக வீடுகளை வந்தடைந்தது. ஒரு சிறு படம் வந்து சேரவும் நெடுநேரம் பிடித்தது. மொசைக், பக்கத்திலுள்ள படங்கள் அனைத்தும் வந்து சேரும்வரை திரையில் ஒன்றையும் காட்டாது காத்திருந்தது. படிப்பவரும் அதனோடு காத்திருந்தார். நெட்ஸ்கேப்போ வந்த எழுத்தை வந்தவுடன் காட்டியது. படங்கள் பின்னர் ஒவ்வொன்றாக வந்து தத்தம் இடத்தில் அமர்ந்தன. பக்கம் முழுவதும் வந்து முடிய ஆகும் நேரம் எவ்வளவாயினும், படிக்கத் தொடங்குவதற்கு ஆகும் நேரம் வெகுவாகக் குறைந்தது. ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து கோப்புகளைப் பெறும் உத்தியும் இதனோடு சேர்ந்தது. விருந்தினனை வாயிலில் நிறுத்திவிட்டுப் பதினாறு கறியும் ஆகட்டும் என்று காக்கவைக்கும் வீட்டுக்கும், வந்தவுடன் இலை போட்டு ஆனதை ஆனபடி பரிமாறும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. எழுத்து முன்னே வர, அணி பின்னே வந்த அந்த முறையைக் கவிஞர்கள் சிறப்பாகப் பாராட்டலாம்.

1995 ஆகஸ்டு 9ஆம் நாள் நெட்ஸ்கேப்பின் பங்குகள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. 28 டாலருக்கு அளிக்கப்பட்ட பங்கு அன்று மாலை 58 டாலருக்கும் மேல் நின்றது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, மே 26ஆம் நாள், மைக்ரோசாஃப்ட் தலைவர் பில் கேட்ஸ், இணையம் பேரலையென எழுந்து வருவதைத் தம் அலுவலர்க்கு உணர்த்தும் நீண்ட குறிப்பு ஒன்றை எழுதியிருந்தார். ஆகஸ்டிலேயே இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் முதற்பதிப்பு வெளிவந்தது. அதுவும் மொசைக் வழித்தோன்றலே. ஸ்பைகிளாஸ் என்னும் நிறுவனத்திடம் உரிமம் பெற்று உருவாக்கப்பட்டது. வருவாயில் பங்கு பெறும் உடன்பாட்டைச் செய்துகொண்ட அந்நிறுவனம், மைக்ரோசாஃப்ட் தன் உலாவியை இலவசமாக வழங்கியதால் ஏமாற்றமடைந்ததும், 1997இல் 80 இலட்சம் டாலருக்கு வழக்கைத் தீர்த்துக்கொண்டதும் தனிக்கதை.

பின்வந்த உலாவிக்கு அப்போது நேர்ந்த இடையூறு விந்தையானது. ஒவ்வோர் உலாவியும் ஒரு தளத்தை அணுகும்போது தன் பெயரை அறிவிக்கும். நெட்ஸ்கேப் தன்னை மோசில்லா என்று அறிவித்தது. தளங்களை நடத்தியோர் அப்பெயரைக் கேட்டால் மட்டுமே சட்டகங்கள் முதலிய புதிய அமைப்புகளைக் கொண்ட பக்கங்களை அனுப்பினர். வேறு பெயர் கேட்டால் எளிய பக்கம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினர். ஆகவே எக்ஸ்புளோரரும் தன்னை மோசில்லா என்றே அறிவிக்கத் தலைப்பட்டது. ஒத்தியல்வது என்ற குறிப்போடு தன் சொந்தப் பெயரை அடைப்புக்குள் வைத்துக்கொண்டது. பிற்காலச் சித்த மருத்துவ நூல்கள் பல அகத்தியர் பெயரால் உலவியதைத் தமிழறிஞர் அறிவர். ஏற்கெனவே மதிப்புப் பெற்ற பெயரைச் சூடிக்கொண்டால்தான் அவையேறலாம் என்ற நிலை மென்பொருளுக்கும் வந்தது.

1996 ஆகஸ்டில் வெளியான எக்ஸ்புளோரர் மூன்றாம் பதிப்பு முதல் போர் கடுமையாயிற்று. இங்கே இரண்டு செயல்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று, சிறப்பினால் ஈர்ப்பது. மற்றொன்று, வேறு வழியின்றிச் செய்வது. மைக்ரோசாஃப்ட் இரண்டையும் செய்தது. பக்கத்தின் தோற்றத்தைத் தனியே வரையறுக்கும் பாணித்தாள் முறையை எக்ஸ்புளோரர் முந்தி ஏற்றது. 1997 இலையுதிர் காலத்தில் வந்த நான்காம் பதிப்பு, அதே ஆண்டு வந்த நெட்ஸ்கேப் நான்காம் பதிப்பைக் காட்டிலும் பல வகையில் செம்மையானது. இதனை மறைத்து, வலிமையால் மட்டுமே எக்ஸ்புளோரர் வென்றது என்று எழுதுவோர் வரலாற்றுக்கு நேர்மை செய்தவராகார். அதே வேளை, விண்டோஸின் முகப்பில் இடம் தருவதாகக் கூறி அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தை 1996இல் தன் உலாவியின் பக்கம் சேர்த்துக்கொண்டதும், எக்ஸ்புளோரரின் சின்னத்தை முகப்பினின்றும் நீக்கிய காம்பாக் நிறுவனத்துக்கு விண்டோஸ் உரிமத்தையே இரத்து செய்வதாக எச்சரித்ததும் நீதிமன்றப் பதிவுகளில் உள்ளவை. அமெரிக்க அரசு 1998 மே மாதம் வழக்குத் தொடுத்தது. 2000ஆம் ஆண்டில் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க ஆணையிட்டார். மறு ஆண்டு மேல்முறையீட்டில் அவ்வாணை தள்ளுபடியாயிற்று. அதற்குள் நெட்ஸ்கேப், அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் உடைமையாகிவிட்டிருந்தது.

அப்போரின் உச்சத்தில் ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. நான்காம் பதிப்பு வெளியான இரவு, மைக்ரோசாஃப்ட் ஊழியர் சிலர் எக்ஸ்புளோரரின் சின்னமாகிய பேருருவ எழுத்தொன்றை நெட்ஸ்கேப் அலுவலகப் புல்வெளியில் கொண்டுவந்து நட்டுச் சென்றனர். விடிந்ததும் நெட்ஸ்கேப் ஊழியர்கள் அதனைக் கவிழ்த்துத் தங்கள் மோசில்லாப் பூதத்தை அதன்மேல் நிறுத்தினர். பூதத்தின் கையில் ஒரு பலகை. அதில் நெட்ஸ்கேப் 72, மைக்ரோசாஃப்ட் 18 என்று அன்றைய பயன்பாட்டு விழுக்காடு. ஐந்தே ஆண்டுகளில் எக்ஸ்புளோரரின் பங்கு தொண்ணூறு விழுக்காட்டைக் கடந்தது.

இப்போரின் ஓர் அம்பு தமிழ் மீதும் பாய்ந்தது. யூனிகோடு தரத்தின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றிருந்தபோதும், அதனைத் திரையில் காட்டும் வசதி வீட்டுக் கணிப்பொறிகளுக்கு வந்து சேரவில்லை. தமிழ் இதழ்களும் நாளேடுகளும் தத்தம் எழுத்துருவைக் கொண்டு தளம் அமைத்தன. ஒரு நாளேட்டைப் படிக்க ஓர் எழுத்துரு, ஓர் இதழைப் படிக்க மற்றோர் எழுத்துரு என வாசகர் ஒவ்வொன்றாக இறக்கி நிறுவ வேண்டியிருந்தது. நிறுவத் தெரியாதவர்க்குத் திரையில் கிடைத்தது ஐரோப்பியக் குறியெழுத்துகளின் குவியல். 1997இல் வந்த இரு நான்காம் பதிப்புகளும் இதற்கு மருந்து கொணர்ந்தன. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பிவிடலாம். வாசகர் எதனையும் நிறுவ வேண்டுவதில்லை. இயங்கு எழுத்துரு என்று இதனை வழங்கினர். அயலகத்தில் வாழ்ந்த தமிழர்க்கும் சொந்தக் கணிப்பொறி இன்றி வாடகை நிலையங்களில் உலவியோர்க்கும் இது பெரும்பேறு.

ஆனால் மருந்து இருவேறு மருத்துவரிடம் இருவேறாக இருந்தது. நெட்ஸ்கேப் பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் நுட்பத்தை ஏற்றது. மைக்ரோசாஃப்ட் தனக்கென வேறொன்றைச் செய்தது. ஒன்றன் எழுத்துருக் கோப்பை மற்றது படிக்காது. இருதிறத்தார்க்கும் தமிழ் தெரிய வேண்டுமாயின் தளம் அமைப்போர் ஒரே எழுத்துருவை இருமுறை வார்க்க வேண்டும். எக்ஸ்புளோரரைப் பயன்படுத்துவோர் தொகை பெருகப் பெருக, பலர் அதற்குரியதை மட்டும் வார்த்தனர். 2000ஆம் ஆண்டில் புதிதாக எழுதப்பெற்று வந்த நெட்ஸ்கேப் ஆறாம் பதிப்பு தன் பழைய இயங்கு எழுத்துரு நுட்பத்தைத் தானே கைவிட்டது. நெட்ஸ்கேப்பில் நிலைத்திருக்க விரும்பிய தமிழ் வாசகர் தம் தாய்மொழி தெரியாத உலாவியை வைத்துக்கொண்டிருக்க நேர்ந்தது. வேகம், அழகு, பாதுகாப்பு என உலகம் பேசிய காரணங்கள் ஒருபுறமிருக்க, எழுத்து உடையாமல் தெரிகிறதா என்ற ஒரே கேள்வி தமிழரிடையே உலாவியைத் தீர்மானித்த காலம் அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்இணையம் 99 மாநாட்டின் பயனாக எழுத்துக் குறியீடுகளை ஒழுங்குபடுத்தும் முயற்சிகள் நடந்தன. 2000ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 2000, லதா என்னும் யூனிகோடு எழுத்துருவோடு வந்தது. சிக்கல் அத்தோடு தீர்ந்துவிடவில்லை என்பதைப் பின்னர்க் காணலாம்.

வென்ற எக்ஸ்புளோரர் உறங்கியது. 2001 ஆகஸ்டில் ஆறாம் பதிப்பு வந்தது; ஏழாம் பதிப்பு 2006 அக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் கேளாமலே தாவித் திறக்கும் விளம்பரச் சாளரங்களும், அறியாமலே புகும் தீநிரல்களும் பெருகின. எதிரி இல்லாத அரசன் கோட்டைச் சுவரைச் செப்பனிடுவதில்லை.

அந்த உறக்க காலத்தில் புதுமைகள் சிற்றூர்களில் விளைந்தன. நார்வே நாட்டு ஓபெரா அவற்றுள் முதன்மையானது. சிறிய உருவம், மிக்க வேகம், சுட்டியை அசைத்தே ஆணையிடும் வசதி எனப் பிறர் பின்னர்க் கையாண்ட பலவற்றை அது முன்னரே தந்தது. ஆயினும் நெடுங்காலம் விலை கொடுத்தோ விளம்பரப் பட்டையைப் பொறுத்தோ அதனைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. 2005 செப்டம்பரில்தான் அத்தளை நீங்கியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் திறக்கும் டேப் முறையும் இத்தகையதே. 1994இலேயே இன்டர்நெட்வொர்க்ஸ் என்னும் உலாவியிலும் 1997இல் நெட்கேப்டரிலும் அது இருந்தது. அதனால் புகழ் பெற்றது அவையிரண்டுமல்ல. முதலில் கண்டவன் பெயர் மறைய, பலர் கையில் சேர்த்தவன் பெயர் நிற்பது இலக்கிய வரலாற்றுக்கும் புதிதன்று.

நெட்ஸ்கேப் தன் மூல நிரலை 1998 மார்ச்சு 31ஆம் நாள் உலகுக்குத் திறந்துவிட்டிருந்தது. அதனினின்றும் மோசில்லா என்ற திட்டம் வளர்ந்தது. அத்திட்டத்தின் உலாவி பருத்துப்போய்விட்டது எனக் கருதிய பிளேக் ராஸ், டேவ் ஹயட் முதலிய சிலர் மெலிந்த உலாவி ஒன்றை 2002இல் பீனிக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டனர். அப்பெயருக்கு வேறு உரிமையாளர் இருந்தமையால் 2003இல் ஃபயர்பேர்டு ஆயிற்று. அதுவும் வேறொரு மென்பொருளின் பெயராயிருந்தமையால் 2004இல் ஃபயர்ஃபாக்ஸ் ஆயிற்று. முதற்பதிப்பு 2004 நவம்பர் 9ஆம் நாள் வெளிவந்தது.

தாவும் விளம்பரத்தைத் தடுத்தது, டேப் தந்தது, தேடுபெட்டியை முகப்பில் வைத்தது, வேண்டுவோர் வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளும் நீட்சிகளை அனுமதித்தது என இதன் சிறப்புகளைப் பலரும் வரிசைப்படுத்துவர். அவற்றினும் கருதத்தக்கது வேறொன்று. ஃபயர்ஃபாக்ஸை முதன்முறை திறந்தவுடன் அது ஒரு கேள்வி கேட்டது: எக்ஸ்புளோரரில் சேர்த்துவைத்த முகவரிக் குறிகளையும் கடவுச்சொற்களையும் உலவிய வரலாற்றையும் இங்கே கொண்டுவரலாமா? ஆம் என்று ஒருமுறை அழுத்தினால் பழைய வீட்டுச் சாமான் முழுதும் புது வீட்டில் அதனதன் இடத்தில் இருந்தது. பல ஆண்டுகள் திரட்டிய முகவரிகளை இழக்க அஞ்சியே உலாவி மாறாதிருந்தவர் எண்ணற்றோர். அவ்வச்சம் நீங்கியபின் புதியதன் சிறப்புகள் பேசத் தொடங்கின. சிறுபாணன் வழியில் உண்ணும் சோறு எங்கே கிடைக்கும் என்று முன்னரே சொல்லப்பட்டவன் போல, பயனர் துணிந்து புறப்பட்டார்.

விளம்பரமும் ஆற்றுப்படை முறையிலேயே நடந்தது. பயன்படுத்தியவரே பிறர்க்கு எடுத்துரைத்தனர். பேராசிரியர் மாணவர்க்கும், மகன் தந்தைக்கும் நிறுவிக் கொடுத்தனர். 2004 டிசம்பர் 16ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் இரு பக்க விளம்பரம் வெளிவந்தது. அதற்கு நன்கொடை அளித்த சுமார் 10,000 பேரின் பெயர்கள் அதில் பொடியெழுத்தில் அச்சாகியிருந்தன. வெளியான ஓராண்டுக்குள் பத்துக் கோடி முறை ஃபயர்ஃபாக்ஸ் இறக்கப்பட்டது.

தமிழ் வாசகர்க்கோ இவ்வுலாவியும் ஒரு சோதனை வைத்தது. பத்தியின் இருபக்க ஓரத்தையும் நேர்செய்து அமைத்த தமிழ்ப் பக்கங்களில் ஃபயர்ஃபாக்ஸின் தொடக்கப் பதிப்புகள் எழுத்துகளைச் சிதைத்தன. கொம்பும் காலும் மெய்யை விட்டு விலகித் தனியே நின்றன. யாப்பில் சீர் பிரிக்கலாம். உயிர்மெய்யைப் பிரித்தால் பொருள் ஏது? எக்ஸ்புளோரரில் பார்க்கவும் என்ற வேண்டுகோளைத் தமிழ்ப் பக்கங்கள் பல தலையில் தாங்கின. மறுபுறம், பழைய குறியீட்டுப் பக்கங்களை யூனிகோடாக மாற்றிக் காட்டிய பத்மா, உலாவிக்குள்ளேயே தமிழ் தட்டச்சு செய்ய உதவிய தமிழ்விசை போன்ற நீட்சிகள் ஃபயர்ஃபாக்ஸில்தான் கிடைத்தன. உடைத்ததும் அதுவே, ஒட்டியதும் அதுவே. 2008 ஜூன் 17ஆம் நாள் வெளியான மூன்றாம் பதிப்பில் எழுத்துச் சிதைவு நீங்கியது. அன்று ஒரே நாளில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனை இறக்கிக் கின்னஸ் பதிவேட்டில் இடம் பெறச் செய்தனர்.

அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் நாள் கூகுள் நிறுவனம் குரோம் உலாவியை வெளியிட்டது. அதன் உள்ளமைப்பை விளக்க ஸ்காட் மெக்கிளவுட் வரைந்த படக்கதை நூல் ஒன்றையே அறிமுகமாகத் தந்தது புதுமை. ஒவ்வொரு டேப்பும் தனித்தனியே இயங்கியதால் ஒன்று பழுதுபட்டால் மற்றவை பிழைத்தன. முகவரி எழுதவும் தேடவும் ஒரே பெட்டி போதுமாயிற்று. ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் வேகம் பன்மடங்கு மிகுந்தது. பழைய உலாவியின் உடைமைகளைக் கொண்டுவரும் வசதியும் தொடக்கத்திலேயே இருந்தது. சிறப்புகள் மெய்யே. எனினும் உலகமெல்லாம் நாள்தோறும் பார்க்கும் தேடுபக்கத்தில் குரோமுக்கு அழைப்பு விடுத்ததும், பிற மென்பொருள்களை நிறுவும்போது குரோமும் உடன் வந்து சேர்ந்ததும் எக்ஸ்புளோரரின் பழைய வழியை நினைவூட்டுவன. ஸ்டாட்கவுண்டர் கணக்கின்படி 2012 மே மாதம் குரோம் முதலிடத்தை அடைந்தது.

தேர்வை மக்களிடமே விட்டுவிடலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் செய்த சோதனையும் குறிப்பிடத்தக்கது. 2010 மார்ச்சு முதல் ஐரோப்பாவில் விண்டோஸ் பயனர்க்குப் பன்னிரண்டு உலாவிகளைக் காட்டித் தெரிவு செய்யச் சொல்லும் திரை தோன்றியது. முன்னணி ஐந்தும் எந்த வரிசையில் வரும் என்பது குலுக்கலுக்கு விடப்பட்டது. முதலில் எழுதிய குலுக்கல் நிரல் நடுநிலை தவறியதும் கண்டறியப்பட்டது. பின்னர், 2011 மே முதல் 2012 ஜூலை வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர்க்கு அத்திரை காட்டப்படவேயில்லை எனத் தெரிய வந்தது. 2013இல் மைக்ரோசாஃப்டுக்கு விதிக்கப்பட்ட தண்டம் 56 கோடியே 10 இலட்சம் யூரோ.

ஓபெரா 2013இல் தன் சொந்தப் பொறியைக் கைவிட்டுக் குரோமின் அடிப்படையை ஏற்றது. 2015இல் எக்ஸ்புளோரருக்கு மாற்றாக எட்ஜ் உலாவியைத் தந்த மைக்ரோசாஃப்டும் 2020 ஜனவரியில் அதே அடிப்படைக்கு மாறியது. போட்டியாளர்களின் உள்ளுறுப்பு ஒன்றாகிவிட்டபின் வேறுபாட்டை எடுத்துரைத்து அழைப்பது கடினமாயிற்று. 2021 டிசம்பரில், எட்ஜைத் திறந்து குரோமை இறக்கச் சென்றவர்க்கு, இரண்டும் ஒரே நுட்பத்தால் ஆனவை, எங்களிடம் நம்பிக்கை கூடுதல் என்னும் பொருள்பட ஒரு வேண்டுகோள் திரையில் தோன்றியது. எக்ஸ்புளோரர் 2022 ஜூன் 15ஆம் நாள் ஓய்வு பெற்றது.

நெட்ஸ்கேப்பின் கதை அதற்கு முன்னரே, 2008 மார்ச்சு முதல் நாளோடு முடிந்திருந்தது. ஆயினும் எட்ஜ் உலாவி ஒரு தளத்தின் வாயிலில் நின்று தன்னை அறிவிக்கும் வரிசையில் முதலில் மோசில்லா என்கிறது. பின்னர் ஆப்பிளின் பொறிப்பெயரையும், அப்பொறிக்கு மூலமான கேஹெச்டிஎம்எல் பெயரையும், மோசில்லாவின் பொறியாகிய கெக்கோவைப் போன்றது என்ற குறிப்பையும், குரோமையும், சஃபாரியையும் சொல்லி, தன் பெயரை ஓரெழுத்துக் குறைத்து இறுதியில் வைக்கிறது.